பயண எஸ்கார்ட்டுகளும் உள்ளூர் எஸ்கார்ட்டுகளும் (ஆஸ்திரேலியா)

ஆஸ்திரேலியாவின் பாலியல் தொழில் துறையில் எந்த விடுதியையும் முகமையையும் சாராமல் தனியாக இயங்கும் எஸ்கார்ட்டுகள், தொழில் நடத்தும் இடத்தைப் பொறுத்துப் பயண எஸ்கார்ட்டுகள், உள்ளூர் எஸ்கார்ட்டுகள் என இரு வகையாக அறியப்படுகின்றனர். ஒரே நகரில் நிலையாகத் தங்கித் தொழில் செய்வோர் உள்ளூர் எஸ்கார்ட்டுகள் ஆவர். முன்கூட்டியே நாள் குறித்து ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் சென்று, சில நாட்களோ சில வாரங்களோ தங்கித் தொழில் செய்வோர் பயண எஸ்கார்ட்டுகள் ஆவர். இவ்வாறு செல்வது இத்துறையில் டூரிங் எனப்படுகின்றது.

இரு வகையினரும் செய்யும் தொழில் ஒன்றே எனினும் செலவு, விளம்பரம், முன்பதிவு, வாடிக்கையாளருடனான உறவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றில் இவர்களின் அணுகுமுறைகள் பெரிதும் வேறுபடுகின்றன. பாலியல் தொழில் தொடர்பான சட்டம் ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது இவ்வேறுபாட்டை மேலும் கூர்மையாக்குகின்றது.

வரையறை

எஸ்கார்ட் என்னும் சொல், தெருவில் நின்று வாடிக்கையாளரைத் தேடாமல் தொலைபேசி அல்லது இணையம் வழியாக முன்பதிவு பெற்றுத் தொழில் செய்பவரைக் குறிக்கும். எஸ்கார்ட் தங்கியிருக்கும் அல்லது வாடகைக்கு எடுத்துள்ள இடத்துக்கு வாடிக்கையாளர் வருவது இன்கால் என்றும், வாடிக்கையாளரின் வீட்டுக்கோ தங்குவிடுதி அறைக்கோ எஸ்கார்ட் செல்வது அவுட்கால் என்றும் வழங்கப்படுகின்றது. இவ்விரண்டில் எது சட்டப்படி செல்லும் என்பதே பல மாநிலங்களில் முதன்மையான கேள்வியாக இருந்து வந்துள்ளது.

இரு வகைகளுக்கும் இடையில் உறுதியான எல்லைக்கோடு இல்லை. உள்ளூரில் நிலையாகத் தொழில் செய்யும் பலர் ஆண்டில் சில முறை பயணம் மேற்கொள்வதுண்டு. முழுநேரமாகப் பயணம் செய்வோரும் ஏதேனும் ஒரு நகரைத் தமது தளமாகக் கொண்டிருப்பர். வாடிக்கையாளரே பயணச் செலவை ஏற்று எஸ்கார்ட்டைத் தம் ஊருக்கு வரவழைப்பது மூன்றாவது முறையாகும். இதில் பயணத்தின் பண இழப்பு வாடிக்கையாளரைச் சேர்வதால் இது டூரிங் எனக் கருதப்படுவதில்லை.

வரலாறு

ஆஸ்திரேலியாவில் பாலியல் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்து தொழில் செய்வது புதிதன்று. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகரையிலுள்ள புரூம், தேர்ஸ்டே தீவு, டார்வின் ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு முதலிய தொழில்களில் ஈடுபட்ட ஆண்கள் பெருமளவில் கூடியபோது, ஜப்பானியப் பெண்கள் அங்கு வந்து தொழில் செய்தனர். இவர்களுள் பலர் கடன் பிணைப்புக்கு உட்பட்டிருந்தனர்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1893 இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு உருவான சுரங்க நகரின் ஹே தெரு பாலியல் தொழில் விடுதிகளுக்குப் பெயர்பெற்றது. 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இவ்விடுதிகளை அத்தெருவுக்குள் மட்டும் அனுமதிக்கும் எழுதப்படாத கொள்கை ஒன்றைக் காவல்துறை பின்பற்றியது. அங்கு வேலை செய்த பெண்கள் விடுதியிலேயே தங்க வேண்டியிருந்தது. நகரின் பிற பகுதிகளில் அவர்கள் பழகுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. வெளியூரிலிருந்து வந்து சில வாரங்கள் தங்கிப் பணம் சேர்த்துத் திரும்பும் வழக்கம் இத்தகைய சுரங்க நகரங்களில் வேரூன்றியது.

மலிவான உள்நாட்டு விமானப் பயணம், கைப்பேசி, இணைய விளம்பரம் ஆகியவை பரவிய பின்னர், விடுதியைச் சாராமல் தாமே பயணத்தைத் திட்டமிடும் இன்றைய பயண எஸ்கார்ட் முறை வளர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புத்தாதுப் பகுதியிலும் குயின்ஸ்லாந்தின் போவன் படுகை நிலக்கரிப் பகுதியிலும் தொழிலாளர்கள் முறைவைத்து விமானத்தில் வந்து வேலை செய்து திரும்புகின்றனர். நல்ல ஊதியம் பெறும் ஆண்கள் அதிகமாகவும், நிலையாகக் குடியிருப்போர் குறைவாகவும் உள்ள இவ்வூர்கள் பயண எஸ்கார்ட்டுகள் செல்லும் இடங்களாயின.

சட்டப் பின்னணி

ஒரே வேலை ஒரு மாநிலத்தில் சாதாரணத் தொழிலாகவும், எல்லையைக் கடந்தால் குற்றமாகவும் இருக்கக்கூடும். உள்ளூர் எஸ்கார்ட் தமது மாநிலச் சட்டத்தை மட்டும் அறிந்தால் போதுமானது. பயண எஸ்கார்ட் தாம் செல்லும் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

* நியூ சவுத் வேல்ஸ்: 1995 இல் பாலியல் தொழில் குற்ற நீக்கம் செய்யப்பட்டது. விடுதிகள் பிற வணிகங்களைப் போல உள்ளாட்சி நிலப்பயன்பாட்டு விதிகளுக்கு உட்பட்டன.
* விக்டோரியா: 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாகத் தொழில் செய்வோர் பதிவு செய்து, விளம்பரங்களில் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டியிருந்தது. சில நாட்களுக்கு மட்டும் மெல்பேர்ணுக்கு வருவோருக்கும் இது பொருந்தியது. 2022 ஆம் ஆண்டின் குற்ற நீக்கச் சட்டம் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கட்டம் 2023 டிசம்பர் 1 இல் தொடங்கியது.
* வட ஆட்புலம்: 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விடுதிகள் தடை செய்யப்பட்டிருந்தன. தனியாகத் தொழில் செய்வோர் அவுட்கால் மட்டுமே செய்ய முடிந்தது. 2019 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது.
* குயின்ஸ்லாந்து: 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற விடுதிகளும், முற்றிலும் தனியாகத் தொழில் செய்வோரும் மட்டுமே சட்டப்படி இயங்க முடிந்தது. எஸ்கார்ட் முகமைகள் தடை செய்யப்பட்டிருந்தன. 2024 ஆகஸ்ட் 2 இல் குற்ற நீக்கம் நடைமுறைக்கு வந்தது.
* தாஸ்மானியா: 2005 ஆம் ஆண்டுச் சட்டம் வணிக விடுதிகளைத் தடை செய்கின்றது. சுயதொழில் செய்யும் இருவர் சேர்ந்து இயங்கலாம்.
* தெற்கு ஆஸ்திரேலியா: விடுதி நடத்துவதும் விடுதியில் பணம் பெறுவதும் குற்றமாகும். குற்ற நீக்கத்துக்கான சட்டமுன்வரைவு 2019 இல் கீழவையில் தோல்வியுற்றது.
* மேற்கு ஆஸ்திரேலியா: தனியாகத் தொழில் செய்வது தன்னளவில் குற்றமன்று. விடுதி நடத்துவது குற்றமாகும்.

தொழில் அணுகுமுறையில் வேறுபாடுகள்

*செலவும் வருமானமும்*

உள்ளூர் எஸ்கார்ட்டின் செலவுகள் பெரும்பாலும் மாதந்தோறும் வருபவை. இன்கால் இடத்துக்கான வாடகை, விளம்பரக் கட்டணம், கைப்பேசிக் கட்டணம் முதலியன இதில் அடங்கும். ஒரு வாரம் வருமானம் குறைந்தாலும் அடுத்த வாரத்தில் அதை ஈடுசெய்ய வாய்ப்புண்டு.

பயண எஸ்கார்ட் முதல் வாடிக்கையாளரைச் சந்திக்கும் முன்னரே விமானச் சீட்டு, தங்குமிடம், செல்லும் நகருக்கான தனி விளம்பரம் ஆகியவற்றுக்குப் பணம் செலவழித்திருப்பார். பயண நாட்கள் முடிவதற்குள் இச்செலவை மீட்டு அதற்கு மேலும் ஈட்ட வேண்டும். எனவே ஒரு முன்பதிவு கைவிடப்படுவது உள்ளூர் எஸ்கார்ட்டுக்கு ஒரு மாலைநேர இழப்பாகும். பயண எஸ்கார்ட்டுக்கோ அது முழுப் பயணத்தின் இலாபத்தையும் அழிக்கக்கூடும். இக்காரணத்தால் பயண எஸ்கார்ட்டுகள் குறுகிய சந்திப்புகளைத் தவிர்த்து நீண்ட முன்பதிவுகளை விரும்புவதும், குறைந்தபட்ச நேரத்தை வரையறுப்பதும் வழக்கம்.

*விளம்பரம்*

பயண எஸ்கார்ட்டின் விளம்பரத்தில் முதன்மை பெறுவது நாட்காட்டியாகும். எந்த நகரில் எந்த நாட்களில் இருப்பார் என்பது பல வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்படும். முன்பதிவுகள் போதிய அளவு வராவிடின் பயணத்தைக் கைவிடுவதும் உண்டு. புதியவர் என்பதும், சில நாட்களே இருப்பார் என்பதும் வாடிக்கையாளரை விரைந்து முடிவெடுக்கச் செய்யும் காரணிகளாகும்.

உள்ளூர் எஸ்கார்ட்டுக்குப் புதுமை என்னும் வாய்ப்பு விரைவில் மறைந்துவிடுகின்றது. அவர் நம்பகத்தன்மை, தொடர்ந்து கிடைக்கும் தன்மை, காலப்போக்கில் சேரும் நற்பெயர் ஆகியவற்றை நம்பியிருப்பார். நிலையான வாடிக்கையாளர்கள் சேர்ந்த பின் அவரது விளம்பரச் செலவு குறையும்.

*முன்பணம்*

முன்பணம் கேட்பது இரு வகையினரிடமும் காணப்பட்டாலும் பயண எஸ்கார்ட்டுகளுக்கு இது இன்றியமையாததாகக் கருதப்படுகின்றது. ஆனால் இதில் ஒரு நம்பிக்கைச் சிக்கல் உள்ளது. ஊருக்குப் புதியவரான ஒருவருக்கு முன்கூட்டிப் பணம் அனுப்ப வாடிக்கையாளர் தயங்குவார். பிறரின் படங்களைத் திருடிப் பொய் விளம்பரம் செய்து முன்பணத்தை மட்டும் பெற்று மறையும் மோசடிக்காரர்கள் இத்தயக்கத்தை வளர்த்துள்ளனர். உள்ளூரில் பல ஆண்டுகளாக அறியப்பட்டவருக்கு இச்சிக்கல் குறைவு.

*வாடிக்கையாளருடனான உறவு*

உள்ளூர் எஸ்கார்ட்டின் வருமானத்தில் மீண்டும் மீண்டும் வருவோரின் பங்கு பெரிதாகும். அறிந்த வாடிக்கையாளர் என்பது அறியப்பட்ட நடத்தை என்பதால் இது பாதுகாப்புக்கும் உதவுகின்றது. பயண எஸ்கார்ட் ஒவ்வொரு நகரிலும் முதன்முறை சந்திப்பவர்களையே பெரிதும் எதிர்கொள்கின்றார். அனுபவம் வாய்ந்த பயண எஸ்கார்ட்டுகள் ஒரே நகரங்களுக்குச் சீரான இடைவெளியில் திரும்பச் சென்று, அங்கும் நிலையான வாடிக்கையாளர் வட்டத்தை உருவாக்க முயல்வர்.

*அடையாள மறைவு*

பணம் மட்டுமே பயணத்துக்குக் காரணமன்று. சிறிய ஊர்களில் வாழ்வோர், அண்டை வீட்டாரோ உறவினரோ அறியக்கூடும் என்பதால் சொந்த ஊரில் தொழில் செய்யாமல் வேறு நகரில் மட்டும் செய்வதுண்டு. பிள்ளை வளர்ப்பு, படிப்பு அல்லது வேறு வேலை உள்ளோர் குறிப்பிட்ட சில நாட்களில் தொழிலை முடித்துக்கொண்டு வீடு திரும்ப இம்முறை இடமளிக்கின்றது. அதே வேளை, தனிமையும் தொடர்ந்து தங்குவிடுதிகளில் வாழும் களைப்பும் இதன் குறைகளாகும்.

*காலமும் நிகழ்வுகளும்*

பயணங்கள் பெரும்பாலும் பருவத்தையும் நிகழ்வுகளையும் ஒட்டித் திட்டமிடப்படுகின்றன. நவம்பரில் நடைபெறும் மெல்பேர்ண் கோப்பைக் குதிரைப் பந்தயம், டார்வினில் மே முதல் அக்டோபர் வரையான வறண்ட பருவம், சுரங்கத் தொழிலாளர்களின் முறைமாற்ற நாட்கள் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகளாகும். ஆயினும் பெரிய நிகழ்வுகளின்போது விடுதிக் கட்டணம் உயர்வதாலும், பலர் ஒரே வேளையில் அங்கு வந்து சேர்வதாலும் எதிர்பார்த்த வருமானம் கிட்டாமல் போவதுண்டு.

தங்குமிடமும் மோரன்பா வழக்கும்

பயண எஸ்கார்ட்டின் தொழில், வாடகைக்குக் கிடைக்கும் ஓர் அறையை நம்பியுள்ளது. அறை மறுக்கப்பட்டால் தொழிலும் இல்லை, தங்கவும் இடமில்லை. இதுபற்றிய மிகவும் அறியப்பட்ட வழக்கு, குயின்ஸ்லாந்தின் போவன் படுகையிலுள்ள மோரன்பா என்னும் நிலக்கரி நகரில் தோன்றியது. பிரிஸ்பேனிலிருந்து அங்கு செல்லச் சாலைவழி ஏறத்தாழ 1,000 கி.மீ. ஆகும்.

அந்நகருக்குப் பலமுறை சென்று தங்கிய ஒரு பாலியல் தொழிலாளிக்கு அங்குள்ள தங்குவிடுதி ஒன்று மீண்டும் அறை தர மறுத்தது. சட்டப்படியான பாலியல் செயற்பாடு காரணமாகப் பாகுபாடு காட்டுவதை மாநிலத்தின் 1991 ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டம் தடை செய்திருந்தது. அதன் அடிப்படையில் அவர் முறையிட்டார். மாநிலத் தீர்ப்பாயம் 2011 இல் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 2012 இல் அத்தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு அமர்வு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2013 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. அவர் பாலியல் தொழிலாளி என்பதற்காக அன்றி, விடுதி அறையில் அத்தொழிலைச் செய்ய எண்ணியதற்காகவே அறை மறுக்கப்பட்டது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு ஆகும். ஒருவரின் தகுநிலைக்கும் அவர் செய்யும் செயலுக்கும் இடையில் நீதிமன்றம் வரைந்த இக்கோடு பயண எஸ்கார்ட்டுகளையே அதிகம் பாதித்தது. உள்ளூர் எஸ்கார்ட் தங்குவிடுதியைச் சாராமல் வாழ முடியும். பயண எஸ்கார்ட்டால் அது இயலாது.

இதற்கிடையே 2012 இல் மாநில நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பாலியல் தொழிலுக்கு அறை பயன்படும் என நம்பும் விடுதியாளர்கள் இடம் மறுப்பதை வெளிப்படையாக அனுமதித்தது. குயின்ஸ்லாந்து சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வந்த 2024 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதிவிலக்கை நீக்கியது.

பாதுகாப்பு

குயின்ஸ்லாந்தின் பழைய சட்டம், தனியாகத் தொழில் செய்வோர் இருவர் ஒரே இடத்தைப் பகிர்ந்து பாதுகாப்புத் தேடுவதைக் குற்றமாக்கியது. எங்கே செல்கின்றேன், எப்போது திரும்புவேன் என ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளிக்குத் தெரிவிப்பதுகூடச் சட்டச் சிக்கலை உண்டாக்கும் எனத் தொழிலாளர் அமைப்புகள் நீண்டகாலம் முறையிட்டு வந்தன. ஊரில் நண்பர்களோ குடும்பத்தினரோ உள்ள உள்ளூர் எஸ்கார்ட் அவர்களை நம்பலாம். யாரையும் அறியாத ஊருக்குச் செல்லும் பயண எஸ்கார்ட்டுக்கு இத்தடை கடுமையான தனிமையை விளைவித்தது.

ஆபத்தான வாடிக்கையாளர்கள் பற்றிய விவரங்களைத் தொழிலாளர்களே திரட்டி ஒருவருக்கொருவர் அறிவிக்கும் முறை 1980களில் விக்டோரியாவில் தொடங்கியது. அக்லி மக்ஸ் என்னும் பெயர் பெற்ற இம்முறை பின்னர் பிரித்தானியா முதலிய நாடுகளிலும் பின்பற்றப்பட்டது. உள்ளூர் நிலைமையை அறியாத பயண எஸ்கார்ட்டுகளுக்கு இத்தகைய பட்டியல்கள் சிறப்பாகப் பயன்படுகின்றன.

உடல்நலமும் தொழிலாளர் அமைப்புகளும்

ஆஸ்திரேலியப் பாலியல் தொழிலாளர்களிடையே எச்.ஐ.வி. தொற்று மிகக் குறைவாக உள்ளது. ஆணுறைப் பயன்பாடும், சக தொழிலாளர்களே நடத்தும் விழிப்புணர்வுப் பணியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1989 இல் தொடங்கப்பட்ட ஸ்கார்லெட் அலையன்ஸ் நாடளாவிய தலைமை அமைப்பாகும். மாநில அளவில் குயின்ஸ்லாந்தில் ரெஸ்பெக்ட், விக்டோரியாவில் விக்சன், மேற்கு ஆஸ்திரேலியாவில் மஜெந்தா, தெற்கு ஆஸ்திரேலியாவில் சின் முதலியன இயங்குகின்றன. புதிய மாநிலத்துக்குச் செல்லும் பயண எஸ்கார்ட்டுகள் அங்குள்ள சட்டம், மருத்துவமனைகள் ஆகியவை பற்றி இவ்வமைப்புகளிடம் கேட்டறியலாம். சிறிய ஊர்களில் அடையாளம் வெளிப்படுமோ என்னும் அச்சத்தால் உள்ளூர் மருத்துவரைத் தவிர்த்து, பெரிய நகரில் பரிசோதனை செய்துகொள்வோரும் உளர்.

வரி

தனியாக இயங்கும் எஸ்கார்ட்டுகள் வரிச் சட்டத்தின் பார்வையில் தனிநபர் வணிகர்கள் ஆவர். இவர்கள் வணிக எண் பெற்று வருமான வரி செலுத்த வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 75,000 ஆஸ்திரேலிய டாலரை எட்டினால் பொருள் மற்றும் சேவை வரிக்கும் பதிவு செய்ய வேண்டும். தொழில் சார்ந்த விமானக் கட்டணம், தங்குமிடம் போன்றவற்றை வருமானத்திலிருந்து கழிக்க இயலும் என்பதால் பயண எஸ்கார்ட்டுகளுக்குக் கணக்குப் பேணல் கூடுதல் முக்கியத்துவம் உடையது.

இணையச் சூழலின் மாற்றம்

பல நகரங்களில் ஒரே வேளையில் விளம்பரம் செய்ய உதவிய பேக்பேஜ் தளம் 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசால் கைப்பற்றப்பட்டது. அதே மாதத்தில் ஃபொஸ்டா-செஸ்டா எனப்படும் அமெரிக்கச் சட்டம் கையெழுத்தானது. பிறர் இடும் உள்ளடக்கத்துக்காகவும் தளங்கள் பொறுப்பாகக்கூடும் என்னும் நிலையில், அமெரிக்காவில் இயங்கும் பல தளங்கள் பாலியல் தொழிலாளர்களை விலக்கின. இதன் விளைவு ஆஸ்திரேலியாவிலும் உணரப்பட்டது. இதற்கு மாற்றாக மெல்பேர்ணைச் சேர்ந்த ஒரு குழு 2018 இல் சுவிட்டர் என்னும் சமூக வலைத்தளத்தைத் தொடங்கியது. அது 2022 இல் மூடப்பட்டது. நிலையான வாடிக்கையாளர்களைக் கொண்ட உள்ளூர் எஸ்கார்ட்டுகளைவிட, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக விளம்பரம் செய்ய வேண்டிய பயண எஸ்கார்ட்டுகளுக்கு இத்தகைய மாற்றங்கள் அதிக இடர் தருபவை.

கோவிட்-19 தொற்றுக்காலம்

2020 மார்ச்சு முதல் மாநில எல்லைகள் மூடப்பட்டபோது பயண முறை ஏறக்குறைய நின்றுபோனது. மேற்கு ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் மூடிய எல்லையை 2022 மார்ச்சு 3 அன்றே முழுமையாகத் திறந்தது. வணிக எண் பெற்று வருமானத்தை முறையாகக் காட்டியிருந்தோர் ஜாப்கீப்பர் என்னும் அரசு உதவித்தொகையைக் கோர முடிந்தது. அவ்வாறு பதிவு செய்யாதோரும் தற்காலிக நுழைவிசைவில் இருந்தோரும் இதனைப் பெற இயலவில்லை.

நியூசிலாந்துடன் ஒப்பீடு

நியூசிலாந்தில் 2003 ஆம் ஆண்டின் பாலியல் தொழில் சீர்திருத்தச் சட்டம் 60க்கு 59 என்னும் வாக்குக் கணக்கில் நிறைவேறியது. அது நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் ஆதலால், ஆக்லாந்திலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்குச் செல்பவர் வேறொரு சட்டத்தை எதிர்கொள்வதில்லை. உள்ளாட்சிகள் விதிக்கும் இடக்கட்டுப்பாடுகள் மட்டுமே வேறுபடும். நால்வர் வரை உரிமச் சான்றிதழ் இன்றிச் சேர்ந்து இயங்கலாம். எனினும் தற்காலிக நுழைவிசைவில் வருவோர் பாலியல் தொழில் செய்வதை இச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு தடை செய்கின்றது. இதனால் வெளிநாட்டுப் பயண எஸ்கார்ட்டுகள் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிறுத்தப்படுவதாக விமர்சனம் உண்டு.

இரு வகையினருக்கும் இடையிலான உறவு

சிறிய ஊர்களில் பயண எஸ்கார்ட்டுகளின் வருகை உள்ளூரில் இருப்போரின் வருமானத்தைத் தற்காலிகமாகக் குறைக்கக்கூடும். மறுபுறம், உள்ளூர் எஸ்கார்ட்டுகள் தமது இன்கால் இடத்தைப் பயண எஸ்கார்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதும், ஊர் நிலவரத்தைச் சொல்லித் தருவதும், தாம் வெளியூர் செல்லும்போது அதே உதவியைப் பெறுவதும் வழக்கில் உள்ளன. இடத்தைப் பகிர்வது குற்றமாக உள்ள மாநிலங்களில் இந்த ஒத்துழைப்பே சட்ட இடராகின்றது.

விமர்சனங்கள்

வாங்குவோரைத் தண்டிக்கும் சுவீடனின் 1999 ஆம் ஆண்டுச் சட்ட முறையை ஆதரிப்போர், பாலியல் தொழிலைச் சாதாரண வணிகமாக நோக்குவதையே எதிர்க்கின்றனர். இடம்விட்டு இடம் செல்லும் தொழிலாளர்களிடையே ஆட்கடத்தல் மறைந்திருக்கக்கூடும் என்பதும் அவர்களின் வாதமாகும். மெல்பேர்ண் விடுதி ஒன்றில் தாய்லாந்துப் பெண்கள் கடன் பிணைப்பில் வைக்கப்பட்ட வழக்கில், 2008 இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அடிமைத்தனக் குற்றத்தீர்ப்பை உறுதி செய்தது. தாமே நாளும் விலையும் குறித்துச் செல்லும் பயணத்தையும், பிறரால் கட்டுப்படுத்தப்படும் இடப்பெயர்வையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்றும், குற்ற நீக்கம் பாதிக்கப்பட்டோர் அச்சமின்றி முறையிட வழி செய்யும் என்றும் தொழிலாளர் அமைப்புகள் வாதிடுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பாலியல் தொழில்
* நியூசிலாந்தில் பாலியல் தொழில்
* ஆட்கடத்தல்
* ஆஸ்திரேலியாவின் மாநிலங்களும் ஆட்புலங்களும்